பூத்தையலும் தாங்குதுணியும்

ஆயத்த ஆடைத் தொழிலில் சிறந்து விளங்கும் இந்திய நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. பீனியா, பொம்மனஹள்ளி, மைசூர்ச் சாலை முதலிய பகுதிகளில் ஆடைத் தொழிற்கூடங்கள் பல உள்ளன. அவற்றில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள். ஆடையின் மார்பில் பொறித்த சின்னம் சுருங்கிக் கோணலானால், வெட்டியவர், தைத்தவர், தேய்த்தவர் ஆகிய அனைவரது உழைப்பும் வீணாகிறது. சீருடை ஒன்றையே ஆண்டு முழுவதும் உடுத்த வேண்டிய மாணவனுக்கும் இழப்பே. இக்குறையைத் தவிர்க்கும் முதன்மையான பொருள் கண்ணுக்குத் தெரியாமல் துணியின் பின்புறத்தில் அமைகிறது. அதுவே தாங்குதுணி. தொழிற்கூடத்தார் இதனைப் ‘பேக்கிங்’ என்பர்.

தையல் துணியை இழுத்தல்

பொறிப்பூத்தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளுக்கு இடைப்பட்ட துணியைச் சிறிதளவு உள்நோக்கி இழுக்கும். ஒரு தையலின் இழுப்பு அற்பமே. ஆனால் வரிசைகள் பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைவதால், ஒரு சென்டிமீட்டருக்குள் 25 வரிசைகள் அடங்குகின்றன. 8,000 தையல்கள் கொண்ட சின்னத்தை நிமிடத்துக்கு 800 தையல் வீதம் தைத்தால், பத்தே நிமிடத்தில் துணி 8,000 முறை துளைக்கப்பட்டு இழுக்கப்படுகிறது. இதனால் வட்டம் நீள்வட்டமாகிறது. எல்லைக்கோட்டுக்கும் உள்நிரப்புக்கும் நடுவே வெளி தோன்றுகிறது.

எல்லாத் துணிகளும் இவ்விழுப்பை ஒரே வகையில் தாங்குவதில்லை. நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கிட்டு உறுதி தருகின்றன. பனியன் துணியோ கண்ணிகளால் ஆனது, எளிதில் நெகிழ்கிறது. ஆகவே அதற்கு வெளித்துணை இன்றியமையாதது.

தார்வாடப் பகுதியின் கசூதிக் கைவேலையை இதனோடு ஒப்பிடலாம். அங்கே துணியின் இழைகளை எண்ணி, மெல்லிய கோடுகளாகத் தைக்கின்றனர். தையல் நெருக்கம் குறைவாகையால் துணியே தன்னைத் தாங்கிக்கொள்கிறது. தாங்குதுணியின் தேவை, தையலின் நெருக்கத்தையும் துணியின் நெகிழ்வையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

மூன்று வகைகள்

தாங்குதுணி பெரும்பாலும் நெய்யப்படாதது. இழைகளைப் பரப்பி ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யப்படுவது. நீக்கும் முறையைக் கொண்டு இதனை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. வெட்டு வகை: தைத்தபின் ஓரங்களை மட்டும் கத்தரித்து, எஞ்சியதை ஆடையிலேயே விட்டுவிடுவது. பனியன் துணிக்கு இதுவே ஏற்றது. 

2. கிழிப்பு வகை: தைத்தபின் கையால் கிழித்து அகற்றுவது. உறுதியான நெய்த துணிக்குப் பொருந்தும். 

3. கரையும் வகை: பாலிவினைல் ஆல்கஹாலால் ஆனது, நீரில் கரையும். பின்புறமும் தூய்மையாகத் தோன்ற வேண்டிய மெல்லிய துணிகளுக்குப் பயன்படும். கரைந்த பொருள் அழிந்துவிடுவதில்லை. கழிவுநீரோடு கலந்து செல்கிறது. ஆதலால் தேவைக்கு மேல் பயன்படுத்தலாகாது.

நீடித்த உழைப்பு வேண்டுமிடத்தில் முதல் வகை சிறந்ததாவதற்குக் காரணம் உண்டு. சலவையில் பருத்தித் துணி சுருங்கும். பாலியெஸ்டர் நூலோ அவ்வளவு சுருங்குவதில்லை. இவ்வேறுபாட்டால் சின்னத்தைச் சுற்றிலும் சுருக்கங்கள் எழுகின்றன. ஆடையில் தங்கியுள்ள தாங்குதுணி ஒவ்வொரு சலவையிலும் தையல்களைத் தம் இடத்தில் நிறுத்துகிறது. கிழித்து அகற்றப்பட்டது அவ்வாறு உதவ இயலாது.

கவனிக்க வேண்டியவை

தாங்குதுணி சட்டத்தின் அளவைவிடப் பெரிதாயிருத்தல் வேண்டும். துணியோடு சேர்த்தே அதனைச் சட்டத்தில் பூட்ட வேண்டும். பனியன் துணியை இழுத்து நீட்டிப் பூட்டுவது பெரும் பிழை. சட்டத்திலிருந்து கழற்றியவுடன் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையலோ திரும்பாது, சுருக்கம் நிலைத்துவிடும். கத்தரிக்கும்போது உருவைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விளிம்பு விடுதல் நன்று. குழந்தைகளின் ஆடையில் பின்புறம் உடலை உறுத்தாதபடி மெல்லிய மூடுதுணி ஒட்டுவது நலம். 

தாங்குதுணி எல்லாக் குறைகளையும் நீக்கும் என எண்ணுதல் தவறு. அளவுக்கு மிஞ்சிய நெருக்கமுள்ள உருவுக்கு அடுக்கடுக்காகத் தாங்குதுணி வைத்தால், ஆடை அட்டைபோல் விறைக்கும். அங்கே தையல்களைக் குறைப்பதே தீர்வு.

வகுப்பறைச் சோதனை

ஒரே பனியன் துணியிலிருந்து 20 சென்டிமீட்டர் சதுரமான மூன்று துண்டுகளை வெட்டுக. ஒவ்வொன்றிலும் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைக. முதல் துண்டின் வட்டத்தைத் தாங்குதுணி வைத்தும், இரண்டாவதை வைக்காமலும் நெருக்கமாகத் தைத்து நிரப்புக. மூன்றாவதைத் தைக்காமல் விடுக. மூன்றையும் ஐந்து முறை சேர்த்துத் துவைத்து உலர்த்துக. தைத்தவுடனும் ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் வட்டத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதி வருக. மூன்றாவது துண்டின் மாறுதல் துணியின் இயல்பான சுருக்கத்தைக் காட்டும். அதனோடு மற்ற இரண்டையும் ஒப்பிட்டால், தாங்குதுணியின் பயன் எவ்வளவு என்பதை மாணவர் தம் அளவுகோலாலேயே அறிவர். தையற்பயிற்சி நிலையங்களிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் களப்பணியாளர் இதனைச் செய்து காட்டலாம்.