ஒளியணு மணிக்கூடு பற்றிய சில பிரமைகள்

1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் பொருட்டு இலங்கை அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளையெல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியபொழுது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 'பழைய நேரமா, புது நேரமா' என்று கேளாமல் ஒரு கலியாண முகூர்த்தத்தைக்கூட நிச்சயிக்க இயலாமற் போயிற்று; விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பிரதேசங்களோ பழைய நேரத்தை விடவேயில்லை. ஒக்டோபரில் அரை மணி குறைந்தது. 2006 ஏப்ரலிற் பழைய நேரமே மீண்டது. அதிநுட்பமான அணு மணிக்கூடு ஒன்று நம்மிடம் இருந்திருப்பின் இக்குழப்பம் நேர்ந்திராது என்று இன்றும் சொல்வாருண்டு. மணி எத்தனை என்பது அரசாணையின் விஷயம். ஒரு செக்கன் எவ்வளவு என்பதே மணிக்கூட்டின் விஷயம்.

அணு என்ற மாத்திரத்தே கதிர்வீச்சை நினைந்து அஞ்சவும் வேண்டுவதில்லை. 1967 முதல் செக்கனுக்குப் பிரமாணமாக விளங்கும் சீசியம் 133 சிதைவுறாத ஸ்திரமான அணு. அதன் நிலைமாற்றத்துக்குரிய அலை 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு செக்கன். ஒளியணு மணிக்கூட்டில் அவ்வலையின் இடத்தை, ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மடங்கு விரைந்து அதிரும் லேசர் ஒளி வகிக்கின்றது.

இனி, பௌதிகம் கற்றோரிடத்தும் வழங்கும் ஒரு பிரமை உண்டு: ஓரினத்து அணுக்கள் யாவும் ஒரே தன்மையன ஆதலால், அவற்றைக் கொண்டு அமைந்த மணிக்கூட்டிற் பிழை புக வழியில்லை என்பது. லேசரின் அதிர்வு சரிதானா என்று ஓரணுவை வினவினால், அது தருவது ஆம், இல்லை என்னும் இரண்டிலொரு விடையே. அவ்விடையும் குவாண்டம் விதிப்படி நிகழ்தகவைப் பொறுத்தது. நூறு அணுக்களை வினவினால் தடுமாற்றம் பத்திலொன்றாகும், நூறிலொன்றாகாது. அணுக்களை ஒன்றோடொன்று குவாண்டம் முறையிற் பிணைத்து இவ்வெல்லையைக் கடக்கலாமென்பதை, 2020இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விளாடன் வுலேற்றிக் குழுவினர் சுமார் 350 இட்டெர்பியம் அணுக்களைக் கொண்டு காட்டினர். இதனால் நிச்சயமின்மையே ஒழிந்ததெனக் கொள்வது பெருந்தவறு. நீர் நிறைந்த தோற்பையை ஒருபுறம் அமுக்க மறுபுறம் புடைப்பதுபோல, வேண்டிய அளவையிற் சுருங்கிய தடுமாற்றம் வேண்டாத அளவையிற் பெருகியே நிற்கும். எப்புறம் அமுக்குவது என்பதிலேதான் வித்தை. லேசர் அணுக்களிற் பதித்துச் செல்லும் சுவடொன்றைப் பயனற்றதென்று ஒதுக்கிவந்தனர். அதனையே பெருக்கிக்காட்டி, 2025இல் அக்குழு துல்லியத்தை இருமடங்காக்கிற்று.

துல்லியமான இரு மணிக்கூடுகள் எங்கு வைப்பினும் ஒத்தோடும் என்பதும் மெய்யன்று. கொழும்புக் கோட்டையிற் சதாம் வீதியில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் ஏறக்குறைய 29 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியில் ஒன்றும் வீதியில் ஒன்றுமாக வைத்தால், ஈர்ப்பு குறைந்த உச்சியிலுள்ளது ஒரு கோடி ஆண்டுகளில் ஒரு செக்கன் முந்தும். அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் 2025இல் அறிவிக்கப்பெற்ற அலுமினிய அயன் மணிக்கூட்டுக்குக் கோபுரமும் வேண்டா. ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தினாலே அதன் ஓட்டத்தில் விளையும் வேறுபாடு, அதன் பிழையெல்லையினும் பெரிது.