கழிவே சான்று: நொய்யற்கரைக் கொடுமணலும் மறைந்த நகரை மீட்கும் ஆய்வுநெறியும்

ஆய்வுச் சுருக்கம்

பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் என்னும் ஊர், நொய்யல் ஆற்றின் வடகரையில் ஈரோடு மாவட்டத்தில் அமைந்துள்ள கொடுமணலே என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்தாகும். இம்முடிவு பெயரொற்றுமையால் மட்டும் நிலைபெற்றதன்று. தொழிற்கூடங்களில் எஞ்சிய உடைந்த மணிகளும் இரும்புக் கசடுகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளுமே அதனை நிலைநிறுத்தின. இலக்கியம், கல்வெட்டு, காசு, மண்ணடுக்கு ஆகிய நால்வகைச் சான்றுகளும் எந்த அளவிற்கு ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன, எவ்விடத்தில் முரண்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொடுமணம், கொடுமணல், நொய்யல், பதிற்றுப்பத்து, படியூர், தமிழி, தொழிற்கழிவு.

முன்னுரை

திருப்பூர் மாநகரின் ராயபுரம் போன்ற பகுதிகளில் வாழ்வோர்க்கு நொய்யல் என்றவுடன் நினைவிற்கு வருவது சாயநீரும், அது தொடர்பான வழக்குகளுமே. அதே ஆற்றின் கரையோடு கிழக்கு நோக்கி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் கொடுமணலை அடையலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு தொழில் நகரம் அங்கு உழவு நிலங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. கோட்டையோ கோபுரமோ அரண்மனையோ அங்கு வெளிப்படவில்லை. அவ்வாறாயின், அதனை நகரம் என்று எவ்வாறு துணிந்தோம்? பாடல் சுட்டும் ஊர் அதுவே என்று எவ்வாறு கண்டோம்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

மறைந்த ஊரைத் தேடும் ஆய்வாளரின் நிலை, குற்றம் துப்பறிவோரின் நிலையை ஒத்தது. ஒரு சாட்சியின் கூற்றை அவர் ஏற்க வேண்டுமாயின், அச்சாட்சியோடு தொடர்பற்ற மற்றொரு சாட்சியும் அதனையே கூற வேண்டும். சாட்சிகள் முரண்படும்போது அம்முரணை மறைத்தல் கூடாது. அதன் காரணத்தைத் தேட வேண்டும். கொடுமணல் ஆய்வு வரலாறு இந்நெறிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

முதற்சான்று: இலக்கியம்

உ. வே. சாமிநாதையர் 1904ஆம் ஆண்டில் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தார். அதனால் கொடுமணம் என்னும் பெயர் அச்சு வழியே அறிஞர் கவனத்திற்கு வந்தது. செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடிய ஏழாம் பத்தில் 67ஆம் பாடலும், பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தில் 74ஆம் பாடலும் அவ்வூரைக் குறிப்பிடுகின்றன. இரண்டிலும் அப்பெயர் முத்துக்குப் பெயர்பெற்ற பந்தர் என்னும் ஊரோடு இணைந்து வருகிறது. வேலைப்பாடு சிறந்த அணிகலன்களுக்குக் கொடுமணம் புகழ்பெற்றது என்னும் செய்தி 74ஆம் பாடலால் விளங்குகிறது.

இப்பாடல்கள் தரும் செய்தி இவ்வளவே. ஊர் எத்திசையில் இருந்தது, எந்த ஆற்றங்கரையில் இருந்தது, அணிகலன்கள் எப்பொருளால் ஆனவை என்பனவற்றை அவை கூறவில்லை. கொடுமணம் என்பதும் கொடுமணல் என்பதும் ஒலியால் நெருங்கியவை என்பது உண்மை. ஆயினும் ஒலியொற்றுமை ஐயத்தை எழுப்பப் போதுமானதேயன்றித் தீர்ப்பு வழங்கப் போதுமானதன்று. தமிழகத்தில் ஒரே பெயருடைய ஊர்கள் பலவாகும். திருப்பூரிலும் சென்னையிலும் ராயபுரம் உண்டு. பெயரை மட்டும் கொண்டு பிற்கால ஆய்வாளர் ஒருவர் ஒன்றன் செய்தியை மற்றொன்றன்மேல் ஏற்றிவிட இயலும்.

இரண்டாம் சான்று: கல்வெட்டு

பாடல்கள் கூறும் அரசர்கள் நொய்யற் பகுதியோடு தொடர்புடையவர்களா என்பது அடுத்த வினா. கரூருக்கு அருகிலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழிக் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. இரும்பொறை மரபைச் சேர்ந்த மூன்று தலைமுறையினரை அக்கல்வெட்டு வரிசையாகக் குறிப்பிடுகிறது. ஐராவதம் மகாதேவன் அவர்களைப் பதிற்றுப்பத்து கூறும் சேர மன்னர்களோடு பொருத்திக் காட்டினார். அம்மலையிலுள்ள மற்றொரு கல்வெட்டு கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது.

பாடலை இயற்றிய புலவரும் பாறையில் எழுத்து வெட்டிய தச்சரும் ஒருவரையொருவர் அறிந்து கூறியவர்கள் அல்லர். ஒன்று புகழ்ப்பாடல், மற்றொன்று துறவிக்கு அளித்த கொடையின் பதிவு. இவ்விரண்டும் ஒரே மரபினரைச் சுட்டுவதால் இரும்பொறையர் ஆட்சி கரூர் வட்டாரத்தில் நிலவியது உறுதிப்படுகிறது. நொய்யல் காவிரியோடு கலப்பதும் கரூர் மாவட்டத்திலேயே. எனவே அம்மன்னர்களின் கொடைப்பொருள் உருவான ஊரை நொய்யற்கரையில் தேடுவது பொருத்தமாகிறது. எனினும் இது தேடலின் எல்லையைச் சுருக்குகிறதே அன்றி ஊரைக் கண்டடைந்ததாகாது.

மூன்றாம் சான்று: மண்ணும் கழிவும்

கொடுமணலின் தொல்லியற் சிறப்பு 1961இல் வி. என். சீனிவாச தேசிகனால் கண்டறியப்பட்டது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்குத் தொடர் அகழாய்வுகளை நடத்தியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் அவற்றில் முதன்மைப் பங்காற்றினர். பின்னர் 2012, 2013ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகம் கா. ராஜன் தலைமையில் மீண்டும் அகழ்ந்தது. வாழ்விடமும் அதனை அடுத்துப் பெருங்கற்கால ஈமக்காடும் வெளிப்பட்டன.

ஈமச்சின்னங்களில் கிடைத்த பொருள்கள் கண்ணைக் கவர்வன. கல்லறை ஒன்றில் ஆயிரக்கணக்கான சூதுபவள மணிகள் இருந்தன. மணிக்கற்கள் பதித்த வெண்கலப் புலி உருவமும் கிடைத்தது. ஆயினும் ஊரின் இயல்பை உறுதிசெய்யும் ஆற்றல் இவற்றிற்குக் குறைவு. செல்வர் ஒருவரின் கல்லறையில் மணிகள் இருத்தல், அவர் அவற்றைப் பெற்றிருந்தார் என்பதையே காட்டும். அவை அங்கேயே செய்யப்பட்டன என்பதைக் காட்டாது.

அதனைக் காட்டுவது வாழ்விடப் பகுதியில் கிடைத்த கழிவாகும். உருக்கொடுக்கப்படாத மூலக்கற்கள், சில்லெடுக்கப்பட்ட துண்டுகள், தேய்க்கப்பட்டும் துளையிடப்படாத மணிகள், துளையிடும்போது உடைந்தவை, மெருகேறி முடிந்தவை எனத் தொழிலின் எல்லாப் படிநிலைகளும் அங்குக் கிடைத்தன. முடிவுற்ற மணியை வணிகர் எங்கும் கொண்டுசெல்வர். உடைந்த மணியைச் சுமந்து செல்வார் எவருமிலர். அது செய்யப்பட்ட இடத்திலேயே வீழ்ந்து கிடக்கும். இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் கசடும் இவ்வாறே அத்தொழில் அங்கு நிகழ்ந்ததற்குச் சான்றாகின்றன. சுடுமண் தக்களிகள் நூற்புத் தொழிலைக் காட்டுகின்றன.

மூலப்பொருள்களின் தோற்றுவாய் இம்முடிவை மேலும் வலுப்படுத்துகிறது. பெரில் என்னும் பச்சை நிற மணிக்கல், இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் காங்கயத்திற்கு அருகிலுள்ள படியூரில் கிடைப்பது. நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும், பளிங்கு வெங்கமேட்டுப் பகுதியிலும், இரும்புத்தாது சென்னிமலைப் பகுதியிலும் கிடைத்தன. சூதுபவளமும் அகேட்டும் மேற்கிந்தியாவிலிருந்தும், நீல நிற லாபிஸ் லசுலி ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வந்தவை. அண்மை மூலப்பொருளும் சேய்மை மூலப்பொருளும் ஒரே தொழிற்கூடத்தில் கூடிய இவ்வூரை, மணியும் இரும்பும் சமைத்த தொழில் நகரம் எனக் கொள்வதே பொருந்தும். பாடல் புகழ்ந்த வேலைப்பாடு சிறந்த அணிகலன் என்பதற்கு இவ்வாறு மண்ணிலிருந்து பொருள் கிடைத்தது. கொடுமணமும் கொடுமணலும் ஒன்றே என்னும் கருத்து, பெயரால் தோன்றித் தொழிலால் உறுதிபெற்றது.

நான்காம் சான்று: ஓட்டில் எழுதிய பெயர்கள்

ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழி எழுத்துப் பொறிப்புடைய பானையோடுகள் கொடுமணலில் கிடைத்துள்ளன. அவற்றுட் பல ஆட்பெயர்கள். ஆதன் என முடியும் தமிழ்ப் பெயர்களுடன் விஸாகீ, சுமணன் போன்ற பிராகிருதத் தொடர்புடைய பெயர்களும் காணப்படுகின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்னும் சொல்லும் ஓர் ஓட்டில் உள்ளது. மாங்குளம் தமிழிக் கல்வெட்டிலும் இச்சொல் வணிகக் குழுவினரைக் குறிக்க ஆளப்பட்டிருப்பது ஒப்பிடத்தக்கது.

பாடல் அரசனையும் பாணனையும் கூறியது. மணி செய்தவரைக் கூறவில்லை. தம் பானையில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டோரை இவ்வோடுகளே நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. எழுத்தறிவு அரசவையோடும் துறவியர் குகையோடும் நின்றுவிடவில்லை என்பதும், வடபுலத் தொடர்புடைய பெயரினர் இவ்வூரில் கலந்து வாழ்ந்தனர் என்பதும் இவற்றால் பெறப்படும்.

சான்றுகள் முரண்படும் இடம்

1842இல் வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களுடையவை. நொய்யலை ஒட்டிய காத்தாங்கண்ணியிலும் கரூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. இந்தியப் பெரிலைப் பிளினி குறிப்பிட்டுள்ளார். முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் செல்லும் பெருவழியில் கொடுமணல் அமைந்துள்ளது. இவற்றைக் கொண்டு, ரோமானிய வணிகமே இத்தொழில் நகரை உருவாக்கியது என்று கருதுவது எளிது.

காலக்கணிப்பு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. புதுவைப் பல்கலைக்கழக அகழாய்வின் கரிமக் காலக்கணிப்பில், 15 செ.மீ. ஆழத்து மாதிரி ஏறத்தாழ கி.மு. 200 எனவும், 120 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதி எனவும் காலம் காட்டின. அகஸ்டஸ் எகிப்தை வென்றது கி.மு. 30இல். ரோமானியர் இந்தியக் கடல்வணிகம் பெருகியது அதன் பின்னரே. எனவே ரோமானியக் கப்பல் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே கொடுமணலில் மக்கள் வாழ்ந்து தொழில் புரிந்தனர். அயலக வணிகம் இந்நகரத்தின் தோற்றத்திற்குக் காரணமாக இருந்திருக்க இயலாது. மேற்கிந்தியக் கற்களும் பிராகிருதப் பெயர்களும் சுட்டும் உள்நாட்டு வணிகத்திற்கே முதலிடம் தருதல் வேண்டும்.

இங்கு மற்றொரு சிக்கல் எழுகிறது. பதிற்றுப்பத்து மன்னர்களின் காலம் கி.பி. தொடக்க நூற்றாண்டுகள் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மண்ணின் மேலடுக்கோ கி.மு. 200ஐச் சுட்டுகிறது. இவ்விடைவெளிக்கு இரண்டு விளக்கங்கள் கூறலாம். ஒன்று, தொழில் மங்கிய பின்னும் ஊரின் புகழ் புலவர் மரபில் நிலைத்திருந்தது. மற்றொன்று, பாடலின் காலத்திற்குரிய மண்ணடுக்கு அந்த மேல் 15 செ.மீ. அளவில் இருந்து உழவால் கலைந்துபோயிற்று. இரண்டாம் விளக்கமே உண்மையாயின், இலக்கியம் நேரிற்கண்டு பாடிய நகரமே நம் கைக்கு எட்டாது அழிந்த பகுதியாகும். இவ்விரண்டனுள் ஒன்றைத் துணிவதற்கு, கலைந்த மேல்மண்ணையும் கழிவெனத் தள்ளாது முழுமையாகச் சலித்து ஆராய்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அடுக்கு கலைந்தாலும், அதிலிருந்த ஓடும் காசும் மணித்துண்டும் மண்ணிலேயே தங்கியிருக்கும்.

நொய்யலின் இன்றைய நிலை

நொய்யல் மீண்டும் ஒரு தொழிலாற்றங்கரையாகி நூறாண்டு நிறைகிறது. 1920களில் திருப்பூரில் தொடங்கிய பின்னலாடைத் தொழில் இன்று உலகச் சந்தையோடு பிணைந்துள்ளது. கொடுமணலை அடுத்து ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்திற்காகக் கட்டிமுடிக்கப்பட்ட அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. பண்டைய மணித்தொழிலின் கழிவு நமக்கு வரலாறாயிற்று. இக்காலச் சாயத்தொழிலின் கழிவு உழவர்க்கு இழப்பாயிற்று. இரண்டுமே தொழில் நிகழ்ந்ததன் மறுக்கவியலாத பதிவுகள்.

இன்னும் சில நூற்றாண்டுகள் கழித்து ராயபுரத்தை ஆராய்வோர்க்கு ஏற்றுமதியான பனியன் கிடைக்காது. அது கடல் கடந்திருக்கும். கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் அட்டைகளும், பீஸ் ரேட் கணக்கெழுதிய நோட்டுகளும், தேய்ந்த ஊசிகளும், நிறம் பார்க்க வெட்டிய துணித்துண்டுகளுமே தொழிலாளியின் வாழ்வைக் கூறவல்லவை. அவை இன்று பழைய தாள் கடைக்குச் செல்கின்றன. கொடுமணலில் பானையோட்டில் பெயரெழுதியவரை நாம் அறிகிறோம். ராயபுரத்தில் கணக்கு நோட்டில் பெயரெழுதப்பட்டவரையும் வருங்காலத்தவர் அறிய வேண்டுமாயின், அவற்றைத் தொகுக்கும் பணி இப்பகுதியின் கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறைகளின் கடமையாகிறது.

முடிவுரை

1. கொடுமணமும் கொடுமணலும் ஒன்றே என்னும் முடிவிற்குப் பெயரொற்றுமை தொடக்கம் மட்டுமே. தொழிற்கழிவே அதனை நிலைநிறுத்திய சான்று.

2. புகளூர்க் கல்வெட்டு பாடல்களின் மன்னர் மரபைக் கரூர் வட்டாரத்தோடு பிணைத்துத் தேடலின் எல்லையை வரையறுத்தது.

3. காலக்கணிப்பின்படி கொடுமணல் ரோமானிய வணிகத்திற்கு முற்பட்டது. அதன் தோற்றத்தை உள்நாட்டு வணிகத்தின் அடிப்படையில் விளக்குதல் பொருந்தும்.

4. பாடலின் காலத்திற்கும் மேலடுக்கின் காலத்திற்கும் இடைப்பட்ட வெளி இன்னும் தீர்க்கப்படாதது. உழவால் கலைந்த மேல்மண்ணை முறையாகச் சலித்து ஆராய்வது அதனைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்று. ஈமக்காட்டின் எஞ்சிய பகுதியும் வாழ்விடத்தின் மேல்மண்ணும் கலையாது காக்கப்படும் வரையிலேயே அவ்வழி திறந்திருக்கும்.