கண்ணொளி தந்த தமையனார்

மறைந்த ஒருவரை நினைவுகூரும் முறை பலவாகும். சிலர் படம் வைத்து மாலை சூட்டுவர். சிலர் அவர்தம் புகழைப் பலரும் அறிய எடுத்துரைப்பர். வேறு சிலர், அவர் விட்டுச் சென்ற பணியைத் தம் பணியாக ஏற்று நாள்தோறும் செய்வர். மதுரைக் கண் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமியை அவர்தம் குடும்பத்தார் நினைவுகூர்ந்தது இம்மூன்றாம் முறையினாலேயாம்.

வேங்கடசாமி 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் அவரே மூத்தவர். தாளும் எழுதுகோலும் கிட்டாத அவ்வூர்ப் பள்ளியில், பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியே கற்றனர். அவர் சிறுவராக இருந்தபோது, உறவினப் பெண்கள் மூவர் பேறுகாலத்து இன்னலால் உயிர்நீத்தனர். அவ்வூரில் மருத்துவர் ஒருவரும் இலர். அத்துயரம் அவ்விளம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மருத்துவம் கற்றுத் தாய்மார்களைக் காத்தல் வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். உடனே படைத்துறை மருத்துவப் பணியிற் சேர்ந்தார். ஆயின், முப்பது அகவையளவில் கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. கைவிரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன. எழுதுகோலைப் பிடித்தலும் அரிதாயிற்று. அவர் நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். 1948இல் படைப்பணி முடிவுற்றது. பேறுகால மருத்துவராகும் எண்ணமும் அதனோடு கைநழுவியது.

கனவு கலைந்ததே என்று அவர் சோர்ந்து ஒழிந்தாரல்லர். கண் மருத்துவத்தைத் தேர்ந்து மீண்டும் மாணவரானார். மணலில் எழுதிப் பழகிய விரல்கள், முடங்கிய நிலையிலேயே அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகின. தம் விரல்களுக்கு ஏற்ற கருவிகளையும் அவர் அமைத்துக்கொண்டார். நூலிழை பிசகினும் பார்வைக்குக் கேடு நேரும் நுண்ணிய தொழில் அது. அத்தொழிலில் அவர் தம் வாழ்நாளில் செய்த அறுவைகள் 1,00,000க்கும் மேற்பட்டன. 1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். ஊர்தோறும் முகாம் அமைத்து, நகருக்கு வர இயலாத ஏழைகளை நாடிச் சென்று பார்வை அளித்தார். 1973இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இவ்வளவிற்கும் இடையே இல்லறக் கடமை ஒன்றும் அவர் தோள்மேல் இருந்தது. தந்தையார் மறைந்தபின், தம்பி தங்கையரின் கல்வியும் திருமணமும் தமையனாரின் பொறுப்பாயின. அவற்றைக் குறைவற நிறைவேற்றிய அவர், தாம் மணம் செய்துகொண்டாரல்லர்.

1976இல், 58ஆம் அகவையில், அரசுப்பணியினின்றும் ஓய்வு பெற்றார். பிறர் இளைப்பாற எண்ணும் அப்பருவத்தில், அவர் 11 படுக்கைகளோடு அரவிந்தர் பெயரால் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். பொருள் வேண்டி வீட்டை ஈடு வைத்தார். குடும்பத்து மகளிரின் நகைகளும் அடகுக் கடைக்குச் சென்றன. முயற்சி தவறியிருப்பின் குடும்பம் முழுதும் தெருவில் நின்றிருக்கும். ஆயினும், தங்களை ஆளாக்கிய தமையனாரைத் தனியே விட உடன்பிறந்தார் ஒருப்படவில்லை. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாய் உடன் நின்றனர். பொறியாளராகிய தம்பி சீனிவாசன் கட்டடப் பணியை ஏற்றார்.

பொருள் உடையோர் கட்டணம் செலுத்துவர். அதில் எஞ்சுவதைக் கொண்டு இல்லாதார்க்கு இலவச மருத்துவம் நடைபெறும். இருதிறத்தார்க்கும் அறுவை செய்வோர் அதே மருத்துவர்கள். ஒரு மேசையில் அறுவை நடைபெறும்போதே அடுத்த மேசையில் மற்றொரு நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்வர். மருத்துவர் கணமும் வீணாக்காது அப்பக்கம் திரும்புவார். அச்செவிலியருட் பலர் சிற்றூர்களினின்றும் வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். கண்புரையை நீக்கியபின் கண்ணுள் பொருத்தும் வில்லை, அயல்நாடுகளினின்றும் வந்தமையால் ஏழைகட்கு எட்டாதிருந்தது. 1992இல் ஆரோலேப் என்னும் ஆலை மதுரையில் தோன்றி, அவ்வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்தளித்தது. இவ்வாறு, 11 படுக்கைகளோடு தோன்றிய மருத்துவமனை பல ஊர்களிலும் கிளைத்து, உலக மருத்துவர் பலரும் வந்து கற்கும் இடமாயிற்று.

வேங்கடசாமி 2006ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாளன்று மதுரையில் மறைந்தார். அவர்க்குப் பின்னும் மருத்துவமனையில் அறுவை மேசைகள் ஒழிந்திருக்கவில்லை. நம்பெருமாள்சாமி தலைமை ஏற்றார். குடும்பத்தின் இளைய தலைமுறையினர் பலரும் கண் மருத்துவராகி அப்பணியைத் தொடர்ந்தனர். மனைவி மக்கள் இன்றி வாழ்ந்தவர்க்கு இத்துணைப் பெரிய வழித்தோன்றல் வாய்த்தது வியப்பன்று. தம்பி தங்கையர்மேல் வைத்த அன்பையே அவர் ஊரார்மேலும் வைத்தார்; அவ்வன்பைக் கண்டு வளர்ந்தோர், அதனையே தம் குடிப்பொருளாகக் கொண்டனர்.

அன்புடையார் ஒருவர் நம் இல்லத்திலும் வாழ்ந்து மறைந்திருக்கலாம். அவர் தொடங்கிய நற்செயல் ஒன்றை நாம் கைவிடாது செய்வோமாயின், அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.