கலைவிழாவும் புரவலரும்

நுழையும்முன்

கலைவிழா நடத்தப் பொருள் வேண்டும். பொருள் தரும் நிறுவனத்திற்கோ தன் பெயர் பரவ வேண்டும். இவ்விரு தேவைகளும் முரண்படாதவாறு விழாவை வடிவமைக்கும் முறையைச் சென்னைக் கண்ணகி நகரை முன்வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

ஆற்றுப்படை காட்டும் வழி

பரிசில் பெற்ற பாணர், பெறாத பாணரைப் புரவலரிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. அங்கே புரவலர் தம் பெருமையைத் தாமே கூறுவதில்லை, பயன்பெற்றவரே கூறுகிறார். இன்று கலைக்குப் பொருளுதவி செய்யும் வணிக நிறுவனங்களுக்கும் இம்முறை பொருந்தும். விழாத் திடலில் பெரும் பதாகை கட்டுதல் எளிது. பார்வையாளர் அதனைக் கடந்து சென்று மறந்துவிடுவர். விழாவில் குறைவாக உள்ள ஒன்றைத் தன் தொழிலைக்கொண்டே நிறைவு செய்யும் நிறுவனம் மக்கள் நினைவில் நிற்கும்.

சுவரே களம்

2014ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, கலையைத் தெருவுக்குக் கொணரும் விழாக்களை நடத்திவருகிறது. ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம் அதற்குத் துணைநிற்கிறது. தில்லி லோதி காலனியின் சுவர்கள் இவ்வாறே ஓவியக்கூடமாயின. 2020இல் இம்முயற்சி கண்ணகி நகருக்கு வந்தது. சென்னையின் நீர்நிலைக் கரைகள் முதலிய இடங்களிலிருந்து அகற்றப்பட்டோர் மறுகுடியமர்த்தப்பட்ட பகுதி அது. முகவரியைக் கூறியதும் வேலை மறுக்கப்படுவதாக அம்மக்கள் வருந்தியதுண்டு. அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் சென்னைக் கலைஞர் ஏ-கில் உள்ளிட்டோர் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினர்.

வண்ணம் விற்கும் நிறுவனம் வண்ணத்தையே கொடையாக்கும்போது தனி விளம்பரம் தேவைப்படுவதில்லை. வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் சுவரே அதன் தரத்தைக் காட்டிவிடும்.

விழா முடிந்தபின்

விழாவை வடிவமைப்போர் தொடக்கத்திலேயே சில வினாக்களுக்கு விடை காணவேண்டும். அவ்விடத்து மக்களின் இசைவு பெறப்பட்டதா? ஓவியத்தில் அவர்தம் வாழ்வு இடம்பெறுகிறதா? வண்ணம் மங்கும்போது புதுப்பிப்பவர் யார்? சுவர் அழகு பெற்றதனால் மட்டும் வேலைவாய்ப்பும் போக்குவரத்தும் பெருகிவிடா. குறைகளை வண்ணத்தால் மூடி மறைத்தல் கலைக்கும் இழுக்கு, கொடைக்கும் இழுக்கு. எனினும், பிறர் ஒதுக்கிய ஊரை அவர்களே விரும்பிக் காணவருதல் ஒரு நல்ல தொடக்கமாகும்.

நிறுவனத்தின் பெயரை நீக்கிய பின்னும் மக்களுக்குப் பயன் எஞ்சுமாயின் அதுவே சிறந்த கொடை. அப்பெயரை அவர்களே எடுத்துரைப்பர். ஆற்றுப்படை உணர்த்துவதும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கலைவிழாவுக்கு உள்ளூர் அச்சகம் ஒன்று உதவ முன்வருகிறது. பதாகைக்கு மாற்றாக அது அளிக்கத்தக்க பங்களிப்பு ஒன்றைத் திட்டமிட்டு எழுதுக.

2. 'கொடையாளர் பெயர் கலைப்படைப்பில் இடம்பெறலாமா?' – வகுப்பறையில் கலந்துரையாடுக.