முதலமைச்சரைக் கேள்வி கேட்டவர்கள்



"அமைச்சரவை சட்டப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது" என்று குடிமையியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு கூறுவது அது. தேர்வில் கேட்டால் ஒரே மூச்சில் எழுதிவிடுவீர்கள். ஆனால் 'பொறுப்பு' என்றால் என்ன? அம்மா பணம் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். திரும்பி வந்ததும், "என்ன வாங்கினாய்? மீதி எங்கே?" என்று கேட்கிறார். கேட்பது அவர் உரிமை. பதில் சொல்வது நம் கடமை. ஏறக்குறைய அதுதான் பொறுப்பு.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் நம் சட்டப் பேரவையில் 234 உறுப்பினர்கள் உள்ளனர். கூட்ட நாட்களில் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் கேள்வி நேரமாக அமையும். உறுப்பினர் முன்கூட்டியே வினாவை எழுதிக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு முதலமைச்சரோ, துறை அமைச்சரோ எழுந்து நின்று வாய்மொழியாக விடை கூறுவார். குறியில்லாத வினாவுக்கு எழுத்தில் விடை வரும். முதல் விடையை அதிகாரிகள் தயாரித்துக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு உறுப்பினர் எழுந்து கேட்கும் துணை வினாவில்தான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா என்பது வெளிப்படும். ஆசிரியை, "சரி, ஏன் அப்படி?" என்று மறுபடி கேட்கும்போது நமக்கு நேர்வதைப் போலத்தான்!

இந்த உரிமை எளிதில் வரவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வினா எழுப்ப மட்டும் இடம் தந்தது. கேட்டவரே துணை வினாவும் கேட்கலாம் என்பது 1909-இல் வந்தது. பிற உறுப்பினர்களும் துணை வினா கேட்கலாம் என்பதற்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சாலை, குடிநீர், பேருந்து பற்றிய வினாக்கள் எப்போதும் உண்டு. ஆனால் ஒருமுறை, பள்ளிப் பிள்ளைகளின் ஒரு நாளைப் பற்றியே பேரவை முதலமைச்சரைக் கணக்குக் கேட்டது. அவர் நம் சேலத்துக்கு மிகவும் வேண்டியவர். இங்கே வக்கீல் தொழில் செய்து, 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான இராஜாஜிதான் அவர். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார்.

1952-இல் அவர் முதலமைச்சரானபோது மக்கள் வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டவர். (அந்த மேலவை 1986-இல் நீக்கப்பட்டது.) 375 உறுப்பினர் கொண்ட பேரவையில் காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மையும் இல்லை.

1953-இல் அவர் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள சிற்றூர்களில், நம் கொண்டப்பநாயக்கன்பட்டியைப் போன்ற ஊர்களில், பள்ளி நேரம் நாளொன்றுக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாகக் குறையும். பிள்ளைகள் இரண்டு பிரிவாக வருவார்கள். மீதி நேரத்தில் பையன்கள் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும். பெண்கள் தாயிடம் வீட்டு வேலை கற்க வேண்டும். பள்ளியில் சேராத பிள்ளைகள் ஏராளம், கட்டடமும் ஆசிரியரும் குறைவு. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசின் வாதம். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அந்தக் குறை உண்மையிலேயே இருந்தது.

ஆயினும் எதிர்ப்பு வலுத்தது. குயவர் மகன் குயவராகவே, சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவே இருக்க வேண்டுமா? நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாளா? 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. வெளியே திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராடின. பேரவையைக் கலந்து பேசாமல் ஏன் தொடங்கினீர்கள் என்பது உள்ளே எழுந்த பெரும் குறை. பெண் குழந்தையின் பங்கு அடுப்படியோடு முடிந்தது பற்றி அன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று இதைப் படிக்கும் நமக்கு முதலில் உறுத்துவது அதுதான்.

ஜூலை மாத இறுதியில் விவாதம் நடந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138! சம வாக்கு விழுந்ததால் அது நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவைக் கொண்டு ஆராய வேண்டும் என்ற மற்றொரு தீர்மானம் 139-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறியது. இரண்டே வாக்கு வித்தியாசம். அன்று பேரவைக்கு வராமல் இருந்த உறுப்பினர்கள் பின்னர் என்ன நினைத்திருப்பார்களோ!

பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. அது திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி ஓயவில்லை. சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்தனர். உடல்நிலையைக் காரணம் காட்டி இராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே, புதிய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.