தேக்குப் பலகையில் தமிழ் எழுத்து: எந்த மென்பொருள்?

கேள்வி: 3018 வகை சிஎன்சி ரவுட்டர் வாங்கியிருக்கிறேன். வாசலில் மாட்டும் தேக்குப் பெயர்ப்பலகைகளைத் தமிழில் செதுக்க ஆசை. நண்பர் ஃபியூஷன் 360 கற்றுக்கொள்ளச் சொல்கிறார். கதவு செதுக்கும் பட்டறைக்காரர் ஆர்ட்கேம்தான் என்கிறார். இரண்டையும் திறந்து பார்த்தேன், தலை சுற்றுகிறது. எதில் தொடங்கலாம், ஐயா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருவர் பேச்சையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-லேயே நிறுத்திவிட்டது. ஃபியூஷன் நல்ல மென்பொருள், சொந்த உபயோகத்துக்கு இலவசமும்கூட. ஆனால் அதன் பலமெல்லாம் முப்பரிமாண இயந்திர பாகங்களில். பெயர்ப்பலகைக்கு அவ்வளவு படிப்பு தேவையில்லை.

நான் எஸ்ட்ல்கேம் என்பேன். விண்டோஸில் ஓடும். படத்திலுள்ள கோட்டைத் தொட்டு, வெளிப்பக்கம் வெட்டவா, உள்ளே குடையவா, வி-பிட்டால் செதுக்கவா என்று சொன்னால் போதும். பணம் கட்டாவிட்டாலும் வசதிகள் குறையாது. கோப்பைச் சேமிக்கும்போது காக்கவைக்கும், அந்த நேரம் நாளாக ஆக நீளும். டீ குடிக்கப் போகலாம், அல்லது பணம் கட்டிவிடலாம். ஈசல் என்ற மென்பொருள் இதைவிட எளிது. ஆனால் இணையம் வேண்டும், வி-பிட் செதுக்கலுக்குச் சந்தாவும் வேண்டும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் தமிழ் எழுத்தில்தான் வரும். கேம் (வெட்டும் பாதை போடும்) மென்பொருளுக்குள்ளேயே ‘கோமதி’ என்று தட்டினால், சிலவற்றில் கொம்பு இடம் மாறி உட்காரும். அதனால் எழுத்தை இலவசமான இங்க்ஸ்கேப்பில் அமையுங்கள். ‘பாத்’ மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து வெறும் கோடாகிவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ‘யூனியன்’ கொடுத்து இணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து எஸ்ட்ல்கேமுக்குள் கொண்டுவாருங்கள். வந்ததும் அளவைப் பாருங்கள். இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கிடுகிறது. கோப்பைத் திறக்கும் மென்பொருள் 72 என்று எடுத்துக்கொண்டால் 150 மி.மீ. பெயர் 200 மி.மீ. ஆகிவிடும்.

எழுத்துருவும் ஒல்லியாக இருக்கட்டும். 60 டிகிரி வி-பிட்டில் 3 மி.மீ. அகலக் கோட்டுக்கு ஏறக்குறைய 2.6 மி.மீ. ஆழம் இறங்க வேண்டும், 6 மி.மீ. அகலமென்றால் 5.2 மி.மீ. உங்கள் மெஷினோடு வரும் 3.175 மி.மீ. பிட் அவ்வளவு அகலத்தை ஒரே ஓட்டத்தில் எட்டாது. சுவரொட்டிக்கு எடுக்கிற தடித்த எழுத்துரு இங்கே உதவாது.

வேகத்துக்கு வருகிறேன். இதை மென்பொருளிடம் விடாமல் நீங்களே முடிவு செய்வது நல்லது. ஸ்பிண்டிலின் சுற்று, பிட்டின் பல் எண்ணிக்கை, ஒரு பல் சீவும் தடிமன், மூன்றையும் பெருக்கினால் ஃபீட். 10,000 சுற்று, 2 பல், 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 600 மி.மீ. தேக்கில் ஓர் ஓட்டத்துக்கு அரை மி.மீ. ஆழம் போதும், இந்த மெஷினின் சட்டம் அதற்குமேல் வளையும். பயந்துபோய் ஃபீடை ரொம்பக் குறைத்தால் பிட் வெட்டாமல் உரசும், சூடேறும், மரம் கறுக்கும். சீவலாக வந்தால் நல்லது. மாவாகக் கொட்டினால் ஃபீடைக் கூட்டுங்கள்.

போஸ்ட் பிராசஸர் என்ற இடத்தில் ஜிஆர்பிஎல் தேர்ந்தெடுங்கள். உங்கள் போர்டுக்குப் புரிவது அந்த வகை ஜி-கோடுதான். வேறெதையாவது தேர்ந்தெடுத்துவிட்டால், பிட் மாற்றச் சொல்லும் எம்6 வரியில் ‘எரர் 20’ காட்டி நிற்கும். அப்போது மெஷினைத் திட்டாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குத் தேக்கு வேண்டாம், எம்டிஎஃப் துண்டு போதும். அதற்கும் முன்னால், இசட் பூஜ்யத்தைப் பலகைக்கு 10 மி.மீ. மேலே வைத்து ஒருமுறை காற்றில் ஓட்டிப் பாருங்கள். கிளாம்பில் பிட் மோதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.