வேகம் ஏற மறுக்கும் பிராசஸர்: காரணம் காண்பது எப்படி?



கணிப்பொறியின் பிராசஸரை, தயாரித்த கம்பெனி குறித்த வேகத்திற்கு மேல் ஓட்டுவதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். மாரிக்குப்பம் முதல் ராபர்ட்சன்பேட்டை வரை கணிப்பொறி வைத்திருக்கும் இளைஞர்களிடம் இந்த ஆசை உண்டு. "44 என்று போட்டேன் சார், 34-லேயே நிற்கிறது" என்று என்னிடம் வருகிறவர்களும் உண்டு. எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அது ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பொறியியல். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் துடிப்பு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அன்று அந்த மின்சாரம் விநாடிக்கு 25 சைக்கிள். இன்று வீட்டில் வருவது 50. நான்கு துருவ மோட்டார் ஒன்று 25 சைக்கிளில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 750 சுற்று சுற்றும். அதையே 50 சைக்கிளில் மாட்டினால் 1500 சுற்றுக்குப் போகப் பார்க்கும். அதன் தலையில் காற்றாடி இருந்தால், வேகம் இரண்டு மடங்காகும்போது அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். பேரிங், சுருள், கம்பி, ஃபியூஸ் எல்லாம் அதற்குச் சம்மதிக்க வேண்டும். ஒன்று சம்மதிக்காவிட்டாலும் மோட்டார் புகையும், அல்லது ஃபியூஸ் போகும். பிராசஸரும் இப்படித்தான். இங்கே விநாடிக்கு 25 துடிப்பு அல்ல, முந்நூறு கோடிக்கு மேல். அதுதான் வித்தியாசம்.

இந்தத் துடிப்பு இரண்டு எண்களின் பெருக்கல். மதர்போர்டு தருவது அடிப்படைத் துடிப்பு. அதை எத்தனை மடங்காக்குவது என்பது பிராசஸருக்குள் இருக்கும் பெருக்கி. 1998-இல் வந்த செலரான் 300ஏ என்ற பிராசஸர் உலகெங்கும் பேர் வாங்கியது. அதன் பெருக்கி 4.5, அதை மாற்ற முடியாது. ஆனால் அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியவர்களுக்கு 300 என்பது 450 ஆயிற்று. குறைந்த விலை சிப், அதிக விலை சிப்பின் வேலையைச் செய்தது. ஓவர்கிளாக்கிங் ஆசை வீட்டுக்கு வீடு பரவ இது ஒரு பெரிய காரணம். பிறகு வந்த இன்டெல் பிராசஸர்களில், குறிப்பாக 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசையில், அடிப்படைத் துடிப்பைத் தொட்டால் ஹார்ட் டிஸ்க், யூ.எஸ்.பி. முதலியவற்றின் துடிப்பும் கூடவே ஏறும். நூற்றுக்கு ஐந்து ஏற்றுவதற்குள்ளேயே தகராறு தொடங்கலாம். எனவே வழி பெருக்கி ஒன்றுதான். அந்தப் பெருக்கியும் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து உள்ள பிராசஸர்களில்தான் முழுமையாகத் திறந்திருக்கும்.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நம் பகுதிப் பிள்ளை ஒருவர், தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இதுதானே வாழ்க்கை! இரவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துத் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகிறார். ஒரு வீடியோ முழுதாக உருவாக ஐந்து மணி நேரம் ஆயிற்று. இரவு பதினொன்றுக்குப் போட்டால் விடியற்காலை நான்குக்கு முடியும். நடுவில் ஒரு தடங்கல் வந்தாலும் ரயிலுக்குள் முடியாது, வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதி தவறும். அதனால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய ஐ5-2500கே பிராசஸர் ஒன்றை வாங்கி, தன்னிடம் இருந்த பழைய மதர்போர்டில் மாட்டினார். பெருக்கியை 44 என்று எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. பிராசஸரே போலி என்று முடிவு கட்டி, வேறு வாங்கப் பணம் புரட்டத் தொடங்கிவிட்டார்.

அவரை நிறுத்தி முதலில் கேட்டது: "ஏறவில்லை என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" அவர் காட்டிய திரையில் 1600 என்று இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தப் பிராசஸர் தன் பெருக்கியை 16-க்கு இறக்கிக்கொள்ளும். ஸ்டேஷனில் நிற்கும் இஞ்சினைப் பார்த்து இது ஓடாது என்று சொல்லக் கூடாது. முழு வேலை கொடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். முழு வேலை கொடுத்தபோது 3400 காட்டியது. இது அந்தப் பிராசஸரின் இயல்பான கணக்கு: அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், ஒரு கோர் மட்டும் உழைத்தால் டர்போவில் 3.7 வரை போகும், நான்கும் உழைத்தால் 3.4. ஆகவே பிராசஸர் போலி அல்ல, நலமாக இருக்கிறது. 44 என்ற கட்டளைதான் அதற்குப் போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை? மதர்போர்டில் இருந்தது எச்61 சிப்செட். அந்தத் தலைமுறையில் பெருக்கியை ஏற்ற அனுமதிப்பவை பி67, இசட்68 போன்றவை. எச்61 பொதுவாக அனுமதிக்காது. இஞ்சின் 110-இல் போகக்கூடியதாக இருக்கலாம். தண்டவாளப் பகுதிக்கு 75 என்று எழுதியிருந்தால் வண்டி 75-இல்தான் போகும். டிரைவரைக் கோபித்துப் பயனில்லை. பயாஸ் திரையில் எண் எழுத இடம் இருந்தது என்பதால் அது நடக்கும் என்று பொருள் அல்ல. (இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.) இன்னொன்றையும் கவனியுங்கள். சாண்டி பிரிட்ஜில் 33-க்கு மேற்பட்ட பெருக்கி டர்போ வழியாகத்தான் வேலை செய்கிறது. சூடு குறையட்டும் என்று டர்போவை அணைத்து வைத்திருந்தால், சரியான போர்டிலும் வேகம் ஏறாது.

பழைய இசட்68 போர்டு ஒன்று கிடைத்தது. 44 ஏறியது. பத்து நிமிடம் கழித்துத் தானாகவே இறங்கியது. இந்தக் கட்டத்தில் வேகத்தை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. வெப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பிராசஸர் சுமார் 98 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வேகம் இறங்கும்போது வெப்பம் அந்த எல்லையில் இருந்தால் குற்றம் குளிர்விப்பில். வெப்பம் 70-இலேயே இருந்து வேகம் மட்டும் இறங்கினால், பயாஸில் உள்ள வாட் வரம்பையோ, பிராசஸருக்கு மின்சாரம் தரும் போர்டுப் பகுதியின் சூட்டையோ பார்க்க வேண்டும். இங்கே 98. கூலரைக் கையால் அசைத்தால் ஆடியது. நான்கு ஊசிகளில் ஒன்று போர்டின் துளையில் முழுதாக இறங்கவே இல்லை. தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்து, கடலையளவு புதிய பேஸ்ட் வைத்து, நான்கு ஊசியும் 'டக்' என்று விழும்படி அழுத்தினோம். வெப்பம் இறங்கியது.

சூட்டின் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. பிராசஸர் செலவழிக்கும் சக்தி, துடிப்போடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 3.3 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் 80 வாட் என்று வைத்துக்கொள்வோம். 4.4-க்குப் போக 1.35 வோல்ட் தேவைப்பட்டால், வேகம் 1.33 மடங்கு, வோல்டேஜின் வர்க்கம் 1.27 மடங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 1.69. அதாவது 135 வாட். மூன்றில் ஒரு பங்கு வேகத்திற்காக மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் சூடு. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத் துளைக்கும் கருவி மட்டுமா தீர்மானித்தது? சூட்டை வெளியே எடுக்கும் வழியும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

மூன்றாவது தொல்லை வந்தது இரவு இரண்டு மணிக்கு. வீடியோ முக்கால் பங்கு முடிந்த நிலையில் நீலத் திரை. வெப்பம் சரி, வேகம் சரி, ஆனால் நிலைக்கவில்லை. முழு பாரம் ஏறும்போது பிராசஸருக்குப் போகும் வோல்டேஜ் சற்றுத் தொய்யும். நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் பல்பு மங்குவதைப் போல. மங்கிய அந்தக் கணத்தில் ஒரு கணக்குத் தவறினால் போதும். இதற்கு இரண்டு வைத்தியம்: வோல்டேஜைச் சிறிது ஏற்றுவது, அல்லது வேகத்தை ஒரு படி இறக்குவது. என் ஓட்டு இரண்டாவதற்கே. மேலும், எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட் லைனை முழு பாரத்தில் அளந்து பாருங்கள். 11.4-க்குக் கீழே போனால் பிராசஸரைக் குறை சொல்லாதீர்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றுங்கள். ராம் மெமரியையும் அதே நேரத்தில் வேகமேற்றியிருந்தால் அதை முதலில் இயல்பு நிலைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு திருகை ஒன்றாகத் திருப்பினால் எது பிடித்தது என்று தெரியாது.

நிலைத்தன்மையைச் சோதிக்க ப்ரைம்95 என்ற மென்பொருள் உண்டு. 1996-இல் தொடங்கிய, பெரிய பகா எண்களைத் தேடும் முயற்சிக்காக எழுதப்பட்டது அது. பிராசஸர் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டாலும் காட்டிக்கொடுக்கும் என்பதால் வேகமேற்றுபவர்களின் உரைகல் ஆகிவிட்டது. நின்றுபோகும் கணிப்பொறியைவிட, நிற்காமல் தவறாகக் கணக்குப் போடும் கணிப்பொறி ஆபத்தானது. கல்யாணப் படத்தில் சில சட்டங்கள் சிதைந்திருப்பது ஆல்பம் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

43-இலும் விழுந்தது. 42-இல் சோதனை ஆறு மணி நேரம் தாங்கியது. நாங்கள் 41-இல் நிறுத்தினோம். ஒரே மாதிரி இரண்டு பிராசஸர்கள் ஒரே உயரம் ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுப் பையனுடையது 45 போகிறது என்பது இதற்கு நியாயம் ஆகாது. 3.4-லிருந்து 4.1 என்றால், ஐந்து மணி நேர வேலை நான்கு மணி பத்து நிமிடத்திற்குள் முடிகிறது. பதினொன்றுக்குப் போட்டால் மூன்று மணி பத்துக்குத் தயார். ரயிலுக்கு முன் படத்தை ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும் நேரம் இருக்கிறது.

புதிதாக வாங்க எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய இன்டெல்லில் பெருக்கியை ஏற்ற 'கே' பிராசஸரும் 'இசட்' சிப்செட்டும் சேர்ந்தே வேண்டும். ஏ.எம்.டி. ரைசனில் பெரும்பாலானவை திறந்தவை. ஏ320, ஏ520 போர்டுகளில் முடியாது. ஆனால் இன்றைய பிராசஸர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. மிச்சம் இருப்பது சொற்பம். அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கு 2024-ஐப் பாருங்கள்: 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்தபோது, தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் காரணம் என்று இன்டெல் தானே அறிவித்து, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

வேகமேற்றிய பின் கணிப்பொறி திரையே காட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு திரும்பும்.

என்னிடம் கேட்க வருகிறவர்கள் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு வந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம்: பிராசஸரின் முழுப் பெயர், சிப்செட்டின் பெயர், முழு பாரத்தில் வேகம், அப்போது வெப்பம், அப்போது வோல்டேஜ், எத்தனையாவது நிமிடத்தில் தகராறு வந்தது.